பொட்டில்லாத போட்டோ

ஆகஸ்ட் 12, செவ்வாய்

எங்கள் மாடி போர்ஷனில் குடியிருக்கும் சுகந்தி அக்காவுக்கு இன்று பத்து வயது குறைத்தேன். பாராட்டு கிடைக்கவில்லை.

அக்காவுக்கு ஊர் முல்லைத்தீவு. கணவர் போரின் கடைசி நாட்களில் காணாமல் போனவர். வீட்டுக் காணி அவர் பெயரில் கிடக்கிறது. இறந்துவிட்டார் என்று எழுதிக் கொடுத்தால் சீக்கிரம் முடியும் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அக்கா மாட்டேன் என்கிறார். காணாமல் போனவர் என்றே சான்றிதழ் தர இலங்கையில் சட்டம் இருக்கிறதாம். அதை வைத்தே காணியைக் கவனிக்கலாமாம். அந்த விண்ணப்பத்தோடு வைக்கத்தான் போட்டோ எடுக்கச் சொன்னார்.

எடுத்தேன். கலாய்க்கலாம் என்று முகத்தைப் பளபளப்பாக்கும் ஆப்பில் போட்டு, சேலையூர் கடையில் எட்டு பிரிண்டும் போட்டு வந்தேன்.

"அக்கா, இதக் காட்டினா காலேஜ்ல சீட்டே குடுத்துடுவாங்க."

அவர் சிரிக்கவில்லை. "என்ர பொட்டு எங்க பிள்ளை?"

முகத்திலிருந்த புள்ளிகளோடு சேர்த்துப் பொட்டையும் ஆப் அழித்திருந்தது. நான் கவனிக்கவே இல்லை.

"இதை அனுப்பினா, அவர் இல்லையெண்டு நானே ஒத்துக்கொண்ட மாதிரி." குரல் ஏறவில்லை.

சாரி சொன்னேன். அவர் கண்ணாடி முன் போய், இருந்ததைவிடப் பெரிய பொட்டாக ஒட்டிக்கொண்டு வந்தார். "இப்ப எடு."

இந்த முறை எதையும் தொடவில்லை. கருவளையம்கூட அப்படியே வந்திருக்கிறது.

பழைய எட்டையும் கிழித்துப் போடச் சொன்னார். மேஜையில்தான் இருக்கின்றன. எட்டிலும் என்னையே பார்க்கிறார். நாளைக்குக் கிழித்துக்கொள்ளலாம்.