உங்களுக்கு டிபி இல்லை, மச்சான்

என் அன்பு மச்சானுக்கு உங்கள் மனைவி ராசாத்தி எழுதுவது. எழுத்துப் பிழை இருந்தால் வழக்கம்போலச் சிரியுங்கள்.

இப்போது ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கும் வேலை பார்க்கிறேன். போன மாதம் எங்கள் வார்டுக்கு ஒரு சீன அம்மா வந்தார். இருமினால் ரத்தம், வீங்கிய கால், பால் விடாத கோப்பி ஓ நிறத்தில் மூத்திரம். உங்களுக்கு வந்தது அத்தனையும். மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்று துடைத்தேன். நர்ஸ் பிள்ளை பார்த்துவிட்டாள்.

"அக்கா, எதுக்கு ஓடுறீங்க? இது டிபி இல்ல லா. ஒட்டாது."

"அப்புறம் ரத்தம் ஏன் வருது?"

"நோயை அடிக்க நம்ம ரத்தத்துல ஆன்டிபாடின்னு ஒண்ணு இருக்கு. இவங்களுக்கு அது ஆள் தெரியாம சொந்த உடம்பையே அடிக்குது. கிட்னியில, நுரையீரல்ல இருக்கற சின்ன ரத்தக் குழாயெல்லாம் புண்ணாயிடுது. ரத்த டெஸ்ட்ல கண்டுபிடிச்சாங்க."

அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் ரத்தம் துப்பிய அன்றைக்கே டிபி என்று நானே முடிவு கட்டினேனே! எட்டு வயசுப் பையனைக் குவீன்ஸ்டவுனில் அக்கா வீட்டில் விட்டேன். உங்களுக்குத் தட்டு, தம்ளர் தனி. "தனித் தட்டா ராசாத்தி? மாப்பிள்ளை மரியாதை பலமா இருக்கு!" என்று சிரித்தீர்கள். எப்போது சிரிப்பை நிறுத்தினீர்கள்? அதைக்கூட நான் கவனிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு, கிட்னி போய்விட்டது, டிபி இல்லை என்றுதான் சொன்னார்கள். நீங்கள் சொல்லித்தான் மறைக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"பையன ஜன்னலுக்கு வெளியவாச்சும் நிறுத்து புள்ள. ஒரு தடவ பாத்துக்கறேன்."

நாளைக்கு, நாளைக்கு என்றேன். நாலாம் நாள் நீங்கள் இல்லை.

அந்தச் சீன அம்மாவின் மகள் கட்டிலிலேயே உட்கார்ந்து, அதே கரண்டியில் கஞ்சியை ருசி பார்த்து ஊட்டுகிறாள். பார்க்க முடியவில்லை மச்சான்.

நம் பையன் இப்போது ராணுவத்தில் இருக்கிறான். "அப்பாவுக்கு என் நெனப்பே இல்லம்மா. ஒரு தடவகூடக் கூப்பிடல" என்கிறான். பத்து வருஷமாக நான் வாயைத் திறக்கவில்லை. பிள்ளையைக் காப்பாற்றத்தானே செய்தேன் என்று மனசைத் தேற்றி வைத்திருந்தேன். இப்போது அதுவும் போய்விட்டது.

என்னைப் போல இன்னொருத்தி செய்யக் கூடாது என்று இதைப் பேப்பருக்கும் கொடுக்கிறேன். ஆனால் அவன் பேப்பரில் படித்துத் தெரிந்துகொள்ள விடமாட்டேன். சனிக்கிழமை கேம்பிலிருந்து வருவான். அப்பா கேட்டார், அம்மாதான் கூட்டிப் போகவில்லை என்று நேரிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு அவன் என் முகத்தில் முழிக்காமல் போனாலும் சரி, உங்களை வெறுக்க வேண்டாம். இது சத்தியம்.

உங்கள் பிள்ளையைப் பெற்றவள்,
ராசாத்தி