குலவையை இரைச்சல் என்று நினைத்த கணினி

பிஸெர்த்,
புதன்கிழமை மாலை.

அன்பு மகள் யுஸ்ராவுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம், அம்மாவின் முழங்கால் வலிகூட இந்த வாரம் விடுமுறையில் இருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சளி, காய்ச்சல் இல்லாமல் கல்யாண வேலைகளைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறோம். விசா கிடைக்காது என்று தெரிந்த அன்று அம்மா உன்னிடம் போனில் சொன்னது நினைவிருக்கும்: நான் வரலேன்னா என்ன, நீ மண்டபத்துக்குள்ள நுழையும்போது என் குலவை அங்க இருக்கும் என்றாள். அதைப் பதிவுசெய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. உன் அத்தை மகன் நபீல் கொண்டுவரும் பென் டிரைவில் அது இருக்கிறது. ஆனால் எப்படி எடுத்தோம் என்று தெரியாமல் கேட்டால் நீ குழம்பிப்போவாய், அதனால் விவரமாக எழுதுகிறேன்.

நீ சொன்ன ஒலிப்பதிவு மென்பொருளை மடிக்கணினியில் ஏற்றி, புது மைக்கைச் செருகி, ஜன்னல்களைச் சாத்திவிட்டு அம்மாவை மைக் முன்னால் நிறுத்தினேன். அவள் எழுப்பிய குலவையில் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. போட்டுக் கேட்டால் கணினியின் விசிறிச் சத்தம்தான் பெரிதாக இருந்தது, அம்மா எங்கோ துறைமுகத்தில் நின்று குலவையிட்ட மாதிரி. புது மைக்கை விட்டுவிட்டு, கணினிக்குள் இருக்கும் சின்ன மைக்கிலேயே அது பதிந்திருக்கிறது. அமைப்புகளைத் திறந்து மைக்கை மாற்றுவதற்குள் கதவைத் தட்டினார்கள். கீழ்வீட்டு தலெந்தா சின்னம்மா, கையில் ஒரு தட்டு மக்ரூத் இனிப்பு. நம் படிக்கட்டில் குலவை கேட்டால் யார் சும்மா இருப்பார்கள்? மப்ரூக் ஸக்கியா, விசா வந்துடுச்சா, நான் அப்பவே சொன்னேனே என்று வாழ்த்தி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். விசா இல்லை, மைக் சோதனை என்று நான்தான் சொல்ல வேண்டியதாயிற்று. அம்மா சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். போதும் விடுங்க, ஊரை ஏமாத்துற மாதிரி இருக்கு என்றாள். தலெந்தா விடுவாளா? உன் பொண்ணுக்குக் கல்யாணம் நிஜம்தானே, அப்போ குலவையும் நிஜம்தான், எழுந்திருடி, நான் படிக்கட்டுல நின்னு வர்றவங்களத் திருப்பி அனுப்புறேன் என்று சொல்லிவிட்டு, மக்ரூத்தை மட்டும் எங்களிடம் விட்டுப் போனாள்.

அடுத்த முறை தப்பு என்னுடையது. பதிவாகும்போதே ஸ்பீக்கரிலும் கேட்கும்படி விட்டிருந்தேன். ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் போக, மைக் அதையே திரும்ப ஸ்பீக்கருக்கு அனுப்ப, வீடே ஊளையிட்டது. இதைக் கேட்டா மாப்பிள்ளை அந்தப் பக்கமா ஓடிடுவான் என்று அம்மா காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்ததும் எனக்கு உயிர் வந்தது. ஸ்பீக்கரை நிறுத்தி, ஹெட்போனுக்கு மாற்றிவிட்டு மறுபடி எடுத்தோம். இப்போது முதல் வீச்சு கேட்கிறது, அதன் பிறகு யாரோ தலையணையால் அமுக்கியது போல அடங்கிவிடுகிறது. அன்றைக்குப் போனில் அம்மா குலவையிட்டபோதும் ஏன் பாதியில நிறுத்திட்டாங்க என்று நீ கேட்டாய் அல்லவா, அதே கோளாறு. ஒவ்வொரு பக்கமாகத் தேடியதில், மைக் அமைப்பில் இரைச்சலை நீக்கு என்ற கட்டத்தில் டிக் இருந்தது. பேச்சு மாதிரி இல்லாமல் நீளமாக வரும் ஓசையை அது வெட்டிவிடுகிறதாம். அம்மாவிடம் சொன்னேன். பொண்ணப் பெத்தவளோட குலவை இரைச்சலாமா, இதச் செஞ்சவன் வீட்டுல கல்யாணமே நடந்ததில்லையா என்று கேட்டாள். டிக்கை எடுத்தேன், ஒலி அளவு காட்டும் கோட்டில் சிவப்பு எரியாதபடி மைக்கைத் தணித்தேன், அவளைக் கொஞ்சம் பின்னால் தள்ளி நிற்கச் சொன்னேன். புழுக்கம் தாங்காமல் ஜன்னலையும் அவளே திறந்துவிட்டாள்.

இந்த முறை ஒரு குறையும் இல்லாமல் வந்தது. ஆனால் அவள் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில் படிக்கட்டிலிருந்து தலெந்தா பதில் குலவையிட்டாள், அவள் திருப்பி அனுப்புவதாகச் சொன்ன பெண்கள் எல்லாரும் அங்கேயே நின்றிருக்கிறார்கள், அவர்களும் சேர்ந்துகொண்டார்கள், பிறகு எதிர் பால்கனிகள். சுத்தமாக இன்னொரு முறை எடுக்கலாம் என்று நான் நிறுத்தப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். விடுங்க, அங்க என் குலவைக்கு யாரு பதில் சொல்லப்போறா, இவங்களும் போகட்டும், யாருக்கும் விசா வேண்டாமே என்றாள்.

மண்டபத்தில் ஒலி பார்ப்பவரிடம் மறக்காமல் சொல்: அவருடைய கணினியிலும் இரைச்சல் நீக்குவது, ஒலியைச் சீராக்குவது எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். ஸ்பீக்கரை முழுக்கத் திருப்ப வேண்டாம், பாதி போதும், உன் அம்மாவுக்கு அது தாராளம். முதல் நாளே ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள். ராத்திரி கண் விழிக்காதே, வேளாவேளைக்குச் சாப்பிடு. இறைவன் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும், வீடு நிறையச் சிரிப்பும் தரட்டும். முக்கியமாக ஒன்று: கதவு திறந்ததும் வெட்கத்தில் விறுவிறுவென்று நடந்துவிடாதே. பதிவு முடியும் வரை மெதுவாக நட, மகளே. மேடை வரைக்கும் அம்மா உன்கூடவே வர வேண்டும்.

உன் அப்பா,
மொன்ஜி