தம்பிக்கு என் செல்கள்

மார்ச் 4
ஆய்வகத்தில் மூன்றாம் கூண்டு எலிகளுக்குக் கட்டி அடியோடு கரைந்துவிட்டது. வைரஸ் போட்டு நாங்களே வரவழைத்த கட்டி. அவற்றின் ரத்தத்தில் காவல் காக்கும் டி செல்கள் தேடிப் பிடித்துக் கொன்றிருக்கின்றன. இனி அந்தச் செல்களைப் பிரித்தெடுத்து, கட்டியுள்ள மற்ற எலிகளுக்கு ஏற்ற வேண்டும்.

தம்பி கழுத்தில் இருப்பதும் வைரஸ் கிளப்பிவிட்ட கட்டிதான். டாக்டரிடம் கேட்டேன். "உங்க டி செல் அவருக்குப் பொருந்தினா ஏத்தலாம். ரத்தம் குடுங்க, பாத்துடலாம்."

மார்ச் 6
கொடுத்தேன். எங்களை வளர்த்த சித்திக்குத் துளியும் சந்தேகமில்லை. "தான் ஆடாட்டாலும் தன் சதை ஆடும்பாங்க. உன்னோடது சேராமப் போயிடுமா?"
தம்பி, "அக்கா, உன் கோபமும் சேந்து வருமா? அப்ப வேணாம்" என்றான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

மார்ச் 7
மூன்றாம் கூண்டின் செல்களை மற்ற எலிகளுக்கு ஏற்றினேன்.

மார்ச் 17
ஒன்றுக்குக்கூடக் கட்டி குறையவில்லை. பேராசிரியர், அடையாளத்துக்காக எலிகளின் காதில் போட்ட துளைகளைப் பார்த்தார். கூண்டு அட்டைகளை மாற்றி மாட்டியிருக்கிறேன்! இரண்டு இனமும் கறுப்பு; ஆஸ்பத்திரி நினைப்பிலேயே கூண்டு கழுவியிருக்கிறேன். ஓர் இனத்தின் செல்கள் இன்னோர் இனத்துக்குப் போய்விட்டன. திட்டுவார் என்று நின்றேன்.

"வைரஸ் துண்டு ரெண்டுலயும் ஒண்ணுதாம்மா. ஆனா டி செல் துண்டை மட்டும் பாக்காது. அதை ஏந்திக்கிட்டு நிக்கிற செல்லோட கையையும் பாக்கும். கை வேறன்னா, எதிரி முன்னாடியே நின்னாலும் தெரியாது."

நானே மாணவர்களுக்கு நடத்திய பாடம். என் செல்லின் கையும் தம்பி செல்லின் கையும் ஒன்றா?

மார்ச் 19
ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. பொருந்தவில்லை. பாதிகூட இல்லை. அம்மா அப்பாவிடமிருந்து எனக்கு வந்தது ஒரு பாதி, அவனுக்கு வந்தது மறுபாதி. அவர்கள் உயிரோடு இருந்திருந்தால் பாதியாவது பொருந்தியிருக்கும். வெளியாள் யாராவது பொருந்துவாரா என்று ஆஸ்பத்திரியில் தேடுகிறார்களாம்.
அவனிடம் சொன்னபோது, "விடுக்கா, தப்பிச்சேன் உன் கோபத்துலேர்ந்து" என்றான். எனக்குச் சிரிக்க வரவில்லை.

மார்ச் 30
சரியான இனத்துக்கு மறுபடி ஏற்றியதில் கட்டிகள் சுருங்குகின்றன. பேராசிரியர் கைதட்டினார். கழிப்பறையில் போய் அழுதேன்.

ஏப்ரல் 11
தம்பி போய்விட்டான்.

ஏப்ரல் 15
எத்தனை எலியைக் காப்பாத்தினேன்டா — உன்னை விட்டுட்டேனே —

மே 23
ஆஸ்பத்திரி நர்ஸ் போன் செய்தார். அன்று கொடுத்த ரத்தத்தின் விவரம் கொடையாளர் பட்டியலில் இருந்ததாம். யாரோ ஒருவருக்கு என் செல்கள் பொருந்துகின்றனவாம். பட்டென்று வைத்துவிட்டேன்.
பேர் தெரியாதவருக்குச் சேருது. அவனுக்குச் சேரலையே! நாள் முழுக்க யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன்.

மே 24
காலையில் நானே கூப்பிட்டேன். எப்போது வர வேண்டும் என்று கேட்டேன்.
"நாளைக்கு ஒன்பது மணிக்கு வாங்க. ரொம்ப நன்றிம்மா. அவருக்குக் கூடப் பொறந்தவங்க மூணு பேர். ஒருத்தரோடதும் சேரல."
"அவங்ககிட்ட சொல்லுங்க" என்றேன். "அது அவங்க தப்பு இல்லைன்னு சொல்லுங்க."