கொப்பரைக்கு மேலே விழித்திருந்த பெட்டி

பாப்பாவின் அப்பாவுக்கு அன்பும் வணக்கமும்.

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் இடுப்பு வலி தேவலையா? பாப்பா அழாமல் பள்ளிக்கூடம் போகிறாளா?

பிள்ளைகள் பழகிப்பார்க்க வாங்கும் உள்ளங்கையளவு கணினியை, வெப்பமும் தூசியும் குலுக்கலும் தாங்கும்படி அலுமினியப் பெட்டிக்குள் இறுக்கிக்கொண்டிருந்தேன் அல்லவா? நேற்று அதை இரும்பு வார்ப்படத் தொழிற்சாலையின் கிரேனில் மாட்டினோம். நானும் ஓட்டுநரோடு மேலே ஏறினேன். கீழே கொப்பரை நிறைய உருகிய இரும்பு தொங்கியது. கண்ணை எடுக்க முடியவில்லை.

பாதி வழியில் மின்சாரம் போய்விட்டது. பயப்படாதீர்கள், கொஞ்ச நேரம்தான். கிரேன் குலுங்கி நின்றது, ஓட்டுநரின் பெரிய திரை அணைந்தது. பிரேக் பிடித்திருக்கிறதா, கொப்பரை நழுவுகிறதா என்று தெரியவில்லை. கீழே ஆட்கள் நின்றார்கள். என் பெட்டி மட்டும் தன் பேட்டரியில் விழித்திருந்து, கொப்பரையின் உயரத்தைக் காட்டியது. எண் இம்மியும் மாறவில்லை.

"பிரேக் பிடிச்சிருக்கு! யாரும் ஓடாதீங்க, நிதானமா விலகுங்க!" என்று ஓட்டுநர் கீழே குரல் கொடுத்தார். எல்லோரும் விலகிய பிறகு பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். "இத்தனூண்டு இருந்துக்கிட்டு, கண்ணே இமைக்கலையேம்மா!"

என் கையால் திருகி மூடிய பெட்டிதான், ஆனாலும் கும்பிடத் தோன்றியது.

வேன் வந்து ஹாரன் அடிக்கிறது. மூக்குக்கண்ணாடி துடைக்க இங்கே நல்ல துணியே இல்லை. உங்கள் பழைய சட்டை ஒன்றை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

உங்களவள்