மாமாவின் தேயாத சோப்பு

அன்புள்ள குட்டிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், உங்கப்பா நலம், அவருடைய இருமலும் அவரைப் பிரிய மனமில்லாமல் நலமாக இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? மாமாவுக்கும் உனக்கும் சண்டையா என்று போனில் கேட்டாய், நான் மழுப்பிவிட்டேன். சண்டைதான். ஒரு மாதமாக அவர் என்னோடு பேசவில்லை.

என் வேலைதான் உனக்குத் தெரியுமே, பச்சையாகத் தின்னும் காயெல்லாம் சுத்தமாக வருகிறதா என்று தோட்டம் தோட்டமாகப் போய்ப் பார்ப்பது. இந்தத் தடவை மாமா தோட்டத்தின் முறை. அது என் அண்ணன் தோட்டம், வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று மேலதிகாரியிடம் சொன்னேன். அப்ப இன்னும் நல்லதாப் போச்சு, உங்ககிட்ட அவர் எதையும் மறைக்க முடியாதே என்று சிரித்துக்கொண்டே என் தலையில் கட்டிவிட்டார். மாமா தடபுடல் பண்ணியிருந்தார். காய் அடுக்கும் கொட்டகைக்கு வெள்ளையடித்து, கூடைகளைக் கழுவிக் கவிழ்த்து, கிணற்றோரம் கிடந்த எருவை வேலிக்கு அந்தப் பக்கம் தள்ளியிருந்தார். தண்ணீர்ச் சோதனையும் சரி. எனக்கு உள்ளுக்குள் ஒரே பூரிப்பு. கடைசியாகக் கை கழுவும் குழாய்க்கு வந்தோம். சோப்பில் பொறித்த எழுத்துகூட அழியவில்லை. இது எப்ப வச்சது அண்ணே என்று கேட்டேன். போன தடவை நீ வீட்டுக்கு வந்தப்ப சொல்லிட்டுப் போன அன்னிக்கே வாங்குனது, எவ்வளவு பத்திரமா வச்சிருக்கேன் பாரு என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னாரே பார்க்கலாம்! காய் பறிக்கும் பெண்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. மாமா தோட்டத்து வெள்ளரிக்காய் பள்ளிக்கூடத்துக்குப் போகிறது, பிள்ளைகள் தோலோடு கடித்துத் தின்கிறார்கள். கழுவாத கை ஒன்று போதும், வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடும். மறுபடி வந்து பார்க்கும்வரை பள்ளிக்குக் காய் அனுப்பக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அண்ணன்னுகூடப் பாக்கலையே என்றார், அதோடு பேச்சு நின்றது.

வீட்டுக்கு வந்து அழுதேன், குட்டி. இனிமேல் பேசவே மாட்டாரோ என்று பயமாகிவிட்டது. உங்கப்பா ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால், நம்ம வீட்டுச் சோப்பையும் சோதனை போடுவா போலிருக்கே என்று குளியலறையில் நுரை பொங்கப் பொங்கத் தேய்க்கிறார்.

நேற்று மறுபடி போனேன். சோப்பு பாதியாகத் தேய்ந்திருந்தது. மச்சான் அதைக் கல்லுல தேய்ச்சு வச்சிருப்பார் என்று உங்கப்பா ஓதி அனுப்பியிருந்ததால் நான் நம்பவில்லை, ஓரமாக நின்றேன். வயலிலிருந்து வந்த பெண்கள் மாமாவையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, ஊர்க்கதை பேசிக்கொண்டே நேராகக் குழாய்க்குப் போய் விரலிடுக்கு வரை தேய்த்துக் கழுவினார்கள். பழக்கமான கைகள் அவை, எனக்குத் தெரியாதா? சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மாமா அப்போதும் வாயைத் திறக்கவில்லை. மனசு கனத்துப்போய்த் திரும்பியவள், போகிற போக்கில் கூடையிலிருந்து ஒரு வெள்ளரிக்காயை எடுக்கக் கையை நீட்டினேன். பட்டென்று கையில் ஓர் அடி விழுந்தது. மொதல்ல போய்க் கையைக் கழுவு என்றார் உன் மாமா.

போய்க் கழுவினேன், முகத்தையும் சேர்த்து. நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருக்கவேண்டும். மாமாவுக்குப் போன் பண்ணு, சோப்பு பேச்சை மட்டும் எடுக்காதே. கடையில் வாங்கியதைக் கழுவாமல் வாயில் போடாதே, இது அம்மாவாகவும் சொல்கிறேன், அதிகாரியாகவும் சொல்கிறேன்.

இப்படிக்கு,
அண்ணனிடம் அடி வாங்கிய சந்தோஷத்தில்,
உன் அம்மா