சட்டை அணியாத ஆண் நபர் நானே: செவிலியர் ரஞ்சிதாவின் மெமோவை ரத்து செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
மா. பூபதி (வயது 36),
மெஷின் ஆபரேட்டர்,
கெலமங்கலம் சாலை,
ஓசூர் வட்டம்.

பெறுநர்:
இணை இயக்குநர் அவர்கள்,
மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள்,
கிருஷ்ணகிரி.

பொருள்: மல்லேகொட்டாய் அரசு மருத்துவமனை – பச்சிளம் குழந்தைகள் பிரிவு – செவிலியர் திருமதி ரஞ்சிதா மீதான மெமோவை ரத்து செய்து, அவரை மீண்டும் அதே பிரிவில் அமர்த்தக் கோருதல் – சார்பாக.

பார்வை: 1. நஞ்சம்மா என்பவர் புகார்ப் பெட்டியில் போட்ட புகார்.
2. விசாரணையில் நான் கொடுத்த வாக்குமூலம் (வருத்தத்துடன்).

மதிப்பிற்குரிய அய்யா அவர்களுக்கு வணக்கம்.

1. பார்வை ஒன்றில் காணும் புகாரில், "மேல்சட்டை அணியாத, பருத்த உடல்வாகுடைய, அடையாளம் தெரியாத ஆண் நபர் ஒருவர் பெண்கள் வார்டில் அமர்ந்திருந்தார்" என்று கண்டிருக்கிறது. அந்த நபர் நான்தான் என்பதை வெட்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். மேல்சட்டை அணியாதது உண்மை. பருத்த உடல்வாகு என்பதை என் மனைவியும் கல்யாணம் ஆனதிலிருந்து சொல்லி வருவதால் மறுப்பதற்கில்லை. அடையாளம் தெரியாத என்பதை மட்டும் மறுக்கிறேன். எனக்குக் கொடுத்த பாஸ் சட்டையில் குத்தியிருந்தது. சட்டை ஆணியில் தொங்கியது.

2. என் மனைவி மேகலாவுக்கு ரத்த அழுத்தம் ஏறியதால், மாதம் நிறையும் முன்பே ஆபரேஷன் செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். மனைவி கீழ்த்தளத்தில் தீவிர சிகிச்சையில். குழந்தை மேல்தளத்தில். நான் படிக்கட்டில். கம்பெனியில் நான் மெஷினில் ஓட்டுகிற கியர் பாக்ஸ் மூடிகூட அந்தக் குழந்தையைவிடக் கனம். உடம்பில் சூடு நிற்கவில்லை. பெரிய டாக்டர் வந்து பார்த்து, பெற்றவர் நெஞ்சோடு தோல் படக் கட்டி வைத்தால் சூடு நிற்கும், அம்மாவால் முடியாவிட்டால் அப்பா வைத்துக்கொள்ளட்டும் என்று வாயால் சொல்லிவிட்டுப் போனார். அதைச் செய்து முடிக்க வேண்டியவர் சிஸ்டர் ரஞ்சிதா. கையில் கிடைத்தவன் நான்.

3. சிஸ்டர் வந்து, "அண்ணா, சட்டையக் கழட்டுங்க" என்றார். ஊசி போடப் போகிறார் என்று நினைத்துக் கையை மட்டும் மடித்துவிட்டேன். "முழுசா கழட்டுங்கண்ணா" என்றார். பிறகு என்னைக் குளிக்க அனுப்பினார். கம்பெனி ஆயில் வாசம் இன்னும் இருக்கிறது என்று திரும்பவும் அனுப்பினார். நகத்தை வெட்டச் சொன்னார். என் கல்யாணத்துக்குக்கூட நான் இவ்வளவு சுத்தமாகப் போகவில்லை. அதன் பிறகு, குழந்தைகள் பிரிவில் இடம் இல்லாததால் பக்கத்துப் பெண்கள் வார்டில் என்னை உட்கார வைத்து, குழந்தையை நெஞ்சில் குப்புறப் படுக்க வைத்து, நூல் சேலையால் சுற்றிக் கட்டினார். தும்மக் கூடாது, ஆடக் கூடாது, போன் நோண்டக் கூடாது என்றார். "கீழ விட்டுட்டன்னா?" என்று கேட்டேன். "விட மாட்டீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த குழந்தையைப் பார்க்கப் போய்விட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அய்யா, கம்பெனியில் நான் போடும் ஒவ்வொரு பீஸையும் ஒருவர் பார்த்து, அவர் பார்த்ததை இன்னொருவர் பார்ப்பார். வீட்டில் பால் பொங்கினால் அடுப்பை அணைக்கும் பொறுப்பைக்கூட எனக்குக் கொடுப்பதில்லை. ஆகவே எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

4. நான் உட்கார வைக்கப்பட்ட ஸ்டூலுக்கு நேர் மேலே, சுவரில், இதே முறையை விளக்கும் அரசு விளம்பரப் படம் ஒட்டியிருக்கிறது. அதிலும் ஒரு தகப்பனார் சட்டையில்லாமல்தான் குழந்தையை நெஞ்சில் வைத்திருக்கிறார். இரவு பகல் எந்நேரமும் பெண்கள் வார்டிலேயே இருக்கிறார். சிவப்பாக, வயிறு இல்லாமல் இருப்பதால் அவர் மீது இதுவரை எந்தப் புகாரும் வந்ததாகத் தெரியவில்லை.

5. எதிர்க் கட்டிலில் மருமகள் பிரசவத்துக்காக வந்திருந்த நஞ்சம்மா அவர்கள் கெலமங்கலம் பக்கம் விவசாயக் குடும்பம். நல்ல மனுஷி. என்னைப் பார்த்ததும், "யாருப்பா நீ, பொம்பளைங்க இருக்கற எடத்துல பூசாரி மாதிரி குந்திக்கினு இருக்கற?" என்று கேட்டார். ஆடக் கூடாது என்று சிஸ்டர் சொல்லியிருந்ததால் நான் பதில் சொல்லவில்லை. வாயை ஆட்டலாம் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. என் மௌனத்தைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு அவர் மகன் முனிராஜை விட்டுப் புகார் எழுதிப் பெட்டியில் போட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் என் அம்மா இருந்திருந்தால் பெட்டியைத் தேடியிருக்க மாட்டார், விளக்குமாற்றைத் தேடியிருப்பார்.

6. அடுத்து விசாரணை வைத்தார்கள். பெரிய டாக்டர் பயிற்சிக்காகச் சென்னை போயிருந்தார். சிஸ்டரை ஓரமாக நிற்க வைத்து, "சட்டையைக் கழற்றும்படி செவிலியர் உங்களைக் கட்டாயப்படுத்தினாரா?" என்று என்னிடம் கேட்டார்கள். இங்கேதான் என் நாக்கு வேலையைக் காட்டியது. இறுக்கமாக இருக்கிறார்களே, கொஞ்சம் சிரிக்கட்டும் என்று நினைத்து, "ஆமாங்க சார், ரெண்டு தடவை குளிக்கச் சொல்லியும் கட்டாயப்படுத்தினாங்க" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்கள். "ஆண் நபரைச் சட்டை கழற்றவும் குளிக்கவும் கட்டாயப்படுத்தியது" என்று மெமோவில் அது அப்படியே வந்திருக்கிறது. சிஸ்டர் இப்போது புறநோயாளிகள் சீட்டு பதியும் ஜன்னலில் உட்கார்ந்து பெயர், வயது, ஊர் கேட்டுக்கொண்டிருக்கிறார். இறுதி ஆணை தங்களிடமிருந்து வரும் என்கிறார்கள். நான் மன்னிப்புக் கேட்கப் போனபோது, "பின்னாடி வரிசை நிக்குதுங்கண்ணா, பாப்பா எத்தனை கிராம் ஏறியிருக்கா, அதச் சொல்லிட்டுப் போங்க" என்றார். சொன்னேன். அவர் சிரித்தது அந்த மெமோவுக்குப் பிறகு அப்போதுதான் என்று பக்கத்து ஜன்னல்காரர் சொன்னார்.

7. இதற்குள் நஞ்சம்மா அவர்களின் மருமகள் காவேரிக்கும் பிரசவம் ஆனது. அந்தக் குழந்தையும் எடை குறைவு. காவேரிக்குக் காய்ச்சல். யார் நெஞ்சில் கட்டுவது, எப்படிக் கட்டுவது என்று எடுத்துச் சொல்ல வார்டில் யாருக்கும் துணிச்சல் இல்லை, ஏனென்றால் சொன்னவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். நஞ்சம்மா நேராகக் கீழே இறங்கி, தலைவலி என்று சொல்லி வரிசையில் நின்று, சிஸ்டரின் ஜன்னலுக்கு வந்து, "என் பேரனுக்குச் சூடு நிக்கல தாயி, என்ன பண்றது?" என்று கேட்டிருக்கிறார். சிஸ்டர் சீட்டு பதிந்தபடியே சொல்லிக் கொடுத்திருக்கிறார். நஞ்சம்மா மேலே போய், "டே முனிராஜ், கழட்டுடா சட்டைய" என்று மகனை உட்கார வைத்தார். காவலாளி வந்து, சட்டையில்லாத ஆண்களுக்கு இப்போது அனுமதி இல்லை, ஒரு புகார் வந்திருக்கிறது என்று முனிராஜை வெளியே அனுப்பினார். யார் கொடுத்த புகார் என்று நஞ்சம்மா கேட்கவில்லை. சட்டையோடு ஓரமாக நின்றிருந்த என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். கடைசியில் அவரே ரவிக்கையைத் தளர்த்திப் பேரனைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அறுபது வயதுக்கு மேல் அவரால் எவ்வளவு நேரம் முடியும் என்பதைத் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். இந்த மனுவில் அவரும் கையொப்பம் இட்டிருக்கிறார்.

8. ஆகவே அய்யா அவர்கள் தயவுசெய்து மேற்படி மெமோவை ரத்து செய்து, சிஸ்டர் ரஞ்சிதாவை உடனே குழந்தைகள் பிரிவுக்கே திரும்ப அனுப்ப வேண்டும். என் வாக்குமூலத்தில் உள்ள "கட்டாயப்படுத்தினார்" என்பதை அடித்துவிட்டு, "சொல்லிக் கொடுத்தார்" என்று எழுதிக்கொள்ள வேண்டும். தகப்பன்மார் உட்காரச் சாய்மானம் உள்ள ஒரு நாற்காலியும், மறைக்க ஒரு திரையும் கொடுத்தால் நஞ்சம்மா போன்றவர்களின் கண்ணுக்கும் நல்லது, எங்கள் முதுகுக்கும் நல்லது. ஸ்டூலுக்கு ஒரு கால் ஆடுகிறது. யார் மீதாவது நடவடிக்கை எடுத்தே தீர வேண்டும் என்று விதி இருந்தால் என் மீது எடுக்கலாம், ஆட்சேபணை இல்லை. இவை எதுவும் முடியாது என்றால், சுவரில் இருக்கும் அந்தத் தகப்பனாருக்காவது ஒரு சட்டை வரைந்து கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

9. விசாரணையில் கடைசியாக, "அவ்வளவு நேரம் அங்கே உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று கேட்டார்கள். "சும்மாதான் சார் இருந்தேன்" என்றேன். அதுவும் பதிவாகியிருக்கிறது. சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. கட்டிவிட்டுச் சிஸ்டர் போன கொஞ்ச நேரத்தில் குழந்தையின் கை, காது எல்லாம் சூடாகி, அது வாயை லேசாகத் திறந்து தூங்கிவிட்டது. என்னை நம்பி ஒருவர் தூங்குவது எனக்கு அதுதான் முதல் தடவை. அதைச் சிஸ்டரிடம் அப்போதே சொல்ல நினைத்தேன். சத்தத்தில் எழுந்துவிடுமோ என்று சொல்லவில்லை.

இடம்: மல்லேகொட்டாய்
நாள்: 17.11.2025

இப்படிக்கு,
(ஒப்பம்) மா. பூபதி
(ஒப்பம்) நஞ்சம்மா, மேற்படி புகாரைக் கொடுத்தவர்