தங்கச்சி வயிற்றுச் சவ்வு

மார்ச் 4

காலையில் தங்கச்சிக்குத் தண்ணீர் மாற்றினேன். அவள் கிட்னி நின்றுபோனதிலிருந்து, சில வருஷமாகத் தினமும் நாலு தடவை இதுதான். ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, கை கழுவி, இரண்டு பேரும் மாஸ்க் போட்டு, வயிற்றிலிருந்து வரும் குழாயில் சர்க்கரைத் தண்ணீர்ப் பையை மாட்டி, பழையதை வடித்துவிட்டுப் புதியதை விடவேண்டும். மாட்டும்வரை பேசக்கூடாது, கிருமி உள்ளே போய்விடும். மாஸ்க்கைக் கழற்றியதும், "அக்கா வாய மூடுற ஒரே நேரம். இதுக்காகவே கிட்னி போகலாம்" என்றாள். கொழுப்பு.

மார்ச் 19

இந்தத் தண்ணீர் உள்ளே என்னதான் செய்கிறது என்று நர்ஸம்மாவிடம் கேட்டேன். "வயித்துக்குள்ள ஒரு சவ்வு இருக்கும்மா. இந்தப் பக்கம் சர்க்கரைத் தண்ணி, அந்தப் பக்கம் ரத்தம். சர்க்கரை அங்கேருந்து தண்ணிய இழுக்கும். கழிவும் கசிஞ்சு வந்துரும்" என்றாள். அதனால்தான் விட்டதைவிட அதிகமாக வெளியே வருகிறது!

சாமி கும்பிடும்போது புதிதாக ஒன்று சேர்த்துக்கொண்டேன். அந்தச் சவ்வின் கதவையெல்லாம் நன்றாகத் திறந்து வை, சாமி.

ஏப்ரல் 30

விட்ட அளவுகூடத் திரும்பி வரவில்லை. அவள் காலில் செருப்பு நுழையவில்லை.

மே 6

ஆஸ்பத்திரியில் சோதித்தார்கள். "சவ்வு அடைச்சிருச்சா டாக்டர்?"

"அடைக்கலைம்மா. ரொம்பத் தாராளமாயிருச்சு. சர்க்கரை நிக்காம ரத்தத்துக்குள்ள ஓடிப்போயிருது. அப்புறம் தண்ணிய யாரு இழுப்பா?" வருஷக்கணக்கில் சர்க்கரைத் தண்ணீர் பட்டதால் வந்ததாம். ரத்தத்தை மெஷினில் சுத்தம் செய்யலாமென்றால் அவள் இதயம் தாங்காதாம்.

திறந்து வைன்னு நான்தானே கேட்டேன், சாமி? அதுக்காக இப்படியா திறப்ப? எதை விடணும், எதை விடக்கூடாதுன்னு உனக்குமா நான் சொல்லித் தரணும்?

மே 21

சாமியிடம் பேசவில்லை. விளக்கு மட்டும் ஏற்றினேன்.

ஜூன் 2

தங்கச்சி நேற்று போதும் என்று சொல்லிவிட்டாள். டாக்டரும் மறுக்கவில்லை. வலி தெரியாமலிருக்க மருந்து கொடுத்திருக்கிறார்.

இன்று தண்ணீர் மாற்றும் நேரம் வந்ததும் கை தானாக ஜன்னலைச் சாத்தியது, ஃபேனை நிறுத்தியது. மாஸ்க்கைக் காதில் மாட்டிய பிறகுதான் அவள் பார்ப்பதைப் பார்த்தேன்.

"எதுக்குக்கா இனிமே? கழட்டிட்டு ஏதாவது பேசேன்."

கழற்றினேன். வீங்கின காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பாதத்தைத் தடவிக்கொண்டேயிருந்தேன்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, ஃபேனயாவது போடு" என்றாள்.

போட்டேன்.